ரேவதி நிறுத்திய இடம்

டிரம்ஸ் எப்படி வாசிப்பது என்று இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. மணிக்கட்டை எப்படி வைப்பது, காலை எங்கே ஊன்றுவது என்று என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற ஒருவர் உங்களைவிட நன்றாக வாசிக்கும்போது உங்கள் வயிறு எரியும் இல்லையா, அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னால், இளவயதில், ஆடி மாதத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். மில்லில் சேர்ந்த பிறகு அதை விட்டுவிட்டேன். பரணில் கிடந்த டிரம்ஸை மறுபடியும் இறக்க வைத்தவன் சுதாகர். எங்கள் மில்லில் கிரேன் ஓட்டினான். பழவேற்காடு பக்கம் மீன்பிடிக் குப்பத்துக்காரன், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். பாட்டு எழுதுவான், அவனே பாடுவான். கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் மில்லின் கேன்டீனில் பழக்கமான அண்ணன் தம்பி இரண்டு பேர் கிடைத்தார்கள். நாங்கள் நாலு பேருமே மதியம் போய் ராத்திரி திரும்புகிற பி ஷிப்டு. காலையில் நாஷ்டா முடிந்ததும் கவரப்பேட்டையில் என் வீட்டுப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கூடுவோம். அதனால் பேண்டுக்கு 'பி ஷிப்ட்' என்று பெயர் வைத்தோம்.

முதல் பாட்டு 'பி ஷிப்ட் பஸ்'. கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வீடு திரும்புகிறவர்களைப் பற்றியது. அதைக் கொட்டகையிலேயே போனில் பதிவு செய்தோம். போனை என் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தார்கள். கேட்டவர்கள் எல்லோரும், "டமால் டமால்னு ஒரே சத்தம், இன்னா பாடுறான்னே புரியல" என்றார்கள். எனக்கு மட்டும் அந்தப் பதிவு ரொம்பப் பிடித்திருந்தது. பேண்டு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு போட்டோவில்கூட என் முகம் முழுசாக விழுந்ததில்லை. சிம்பல் தட்டுக்குப் பின்னால் ஒரு காதும் கொஞ்சம் முடியும் தெரியும், அவ்வளவுதான். பொண்ணு பார்க்கப் போன வீட்டில்கூட சுதாகரிடம் பாடச் சொல்லிக் கேட்டார்களாம். என்னை யாரும் வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டாவது பாட்டு 'டெம்பரவரி'. காண்ட்ராக்ட் தொழிலாளியாகவே தலை நரைத்துப்போன ஒருவரைப் பற்றியது. அதைச் செவ்வாப்பேட்டையில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். எக்ஸ்பிரஸ் ரயில் போகிற நேரம் வாசிப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டுடியோவை நடத்தியவரை நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவர் அதிகம் பேச மாட்டார். குரல், கிட்டார், டிரம்ஸ் சத்தங்களை அளவு பார்த்துக் கலக்கும்போது நான் அவர் பின்னாலேயே நின்றுகொண்டு, "டிரம்ஸ் கம்மியா கீதுண்ணா, ஏத்துங்க" என்று நச்சரித்தேன். அவர் ஒரு குமிழைத் திருகினார். "இப்போ?" என்றார். கேட்டுப் பார்த்தேன். டிரம்ஸ் கணீரென்று முன்னால் வந்திருந்தது. "இப்ப சரியா கீதுண்ணா" என்றேன். ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார், அந்தக் குமிழில் ஒயரே இல்லை என்று. அன்றைக்கு என் காது கேட்டது டிரம்ஸை இல்லை, என் எரிச்சலை. கலக்குகிற வேலைக்குப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். யார் மேலாவது எரிச்சல் இருக்கிற நாளில் உங்கள் காதை நம்பாதீர்கள். வேறொருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது பாட்டு 'முகத்துவாரம்'. அதற்காகத்தான் உங்களில் பலரும் இந்தப் பக்கமே வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பழவேற்காட்டில் ஏரியும் கடலும் சேர்கிற வாய் மணல் சேர்ந்து மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் படகு கடலுக்குப் போக முடியாது. சுதாகரின் அப்பா அப்படிக் கரையிலேயே காத்திருந்த நாட்களை வைத்து அவன் அதை எழுதினான். 'மண்ணு மூடிக்கிச்சி, வாயத் தொற... அலையே, ஒரு வழி வுடு' என்று வரும். மெதுவான பாட்டு. எங்களுடைய மற்ற பாட்டெல்லாம் ஓடும், இது நடக்கும். கொட்டகையில் அவன் முதல்முறை பாடிக் காட்டியபோதே இது பெரிய பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அப்போதே ஒரு எரிச்சலும் வந்தது.

அந்தச் சமயம் சுதாகருக்கு ஓமனில் வேலை கிடைத்தது. பதிவு வைத்த நாளுக்கு மறுநாள் விமானம். போனால் திரும்பி வர வருஷக் கணக்காகும் என்றான். அதனால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். டிரம்ஸை முதலில் பதிவு செய்து, அதன் மேல்தான் கிட்டாரும் குரலும் வைப்பார்கள்; டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு வழி தெரிவதற்காக மட்டும் மற்றவர்கள் கூடவே மெல்ல வாசித்துப் பாடுவார்கள், அது பதிவில் சேராது. நான் முடித்தால்தான் மற்றவர்கள் ஆரம்பிக்க முடியும்.

நான் வாசித்தேன். அண்ணன் இன்னொரு தடவை என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை. ஒரு ரயில் போனது, காத்திருந்தோம், திரும்ப வாசித்தேன். காதில் டிக் டிக் என்று தாளம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நான் துளியும் விலகவில்லை. ஆனாலும் ஹெட்போனைக் கழற்றிக் கேட்கும்போது ஏதோ இடித்தது. சுதாகர் வாட்சைப் பார்த்தான். அண்ணன் எழுந்து, "வா, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்றார்.

தெருமுனைக் கடையில் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு குந்திகினு கீதே, பாத்தியா?"

"பாத்தேன். அடுத்த புக்கிங்குக்கு வந்துகீது."

"அதோட கால பாத்தியா?"

"காலா? இல்லண்ணா."

"நைனா, உன் அடி எல்லாம் கரெக்ட்டாதான் கீது. பாட்டுதான் காணோம். போய் அந்தக் கால பாத்துட்டு வா. நான் வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

உள்ளே போனேன். நான் கடைசியாக வாசித்ததை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் மேல் சுதாகர் மெல்லப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளி அறையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ரேவதி. திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ் சொல்லித் தருகிறவள், அன்றைக்கு ஒரு அம்மன் பாட்டு ஆல்பத்துக்கு வாசிக்க வந்திருந்தாள். கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டைகூடக் கழற்றாமல் தொங்கியது. அவள் கால் பாட்டோடு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. நான் நிரப்பித் தள்ளிய அடி எதையும் அந்தக் கால் கண்டுகொள்ளவில்லை, சுதாகரின் குரலோடு மட்டும் போனது. 'ஒரு வழி வுடு' என்ற இடம் வந்ததும் கால் மேலே போய் அப்படியே நின்றது. கீழே இறங்கவில்லை. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு நொடியில் தரையைத் தொட்டது. தொட்டதும் எனக்கு எரிந்தது.

அந்த இடத்தை நான்தான் அடைத்து வைத்திருந்தேன். வாய் மூடிக்கிடக்கிறது, திற என்று ஒருவன் கேட்கிறான். கேட்ட பிறகு பதிலுக்குக் காத்திருக்க வேண்டாமா? நான் காத்திருக்கவிடாமல் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தேன். திருவிழா மேடையில் சத்தம் நின்றால் கூட்டம் கலைந்துவிடும் என்று பழகிய கை அது.

பார்க்காத மாதிரி திரும்பிப் போயிருக்கலாம். அண்ணன் சொல்ல மாட்டார். சுதாகரும் சொல்ல மாட்டான். எல்லோரும் எனக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையில் பாட்டு செத்துக்கொண்டிருந்தது. நேரமும் போய்க்கொண்டிருந்தது.

அவள் முன்னால் போய் நின்றேன். "ஏம்மா, இத நீ ஒரு தபா வாசிச்சிப் பாக்குறியா?"

அவள் எழுந்து நின்றாள். "சும்மா கேட்டுகினு இருந்தேன்ணா. சத்தம் கித்தம் வந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல. வாசிக்கிறியான்னு கேக்கறேன்."

"நான் வாசிச்சா நீங்க கோச்சிக்குவீங்க."

"கோச்சிக்குவேன். நீ வாசி."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை நாற்காலியில் வைத்தாள். உள்ளே போய் என் ஸ்டூலை இறக்கிக்கொண்டாள். என் டிரம்ஸுக்கு முன்னால் வேறொருவர் ஸ்டூலை இறக்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியே அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அவள் சொதப்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். குச்சி நழுவட்டும், ரயில் வரட்டும், கரண்ட் போகட்டும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் பாட்டின் பின்னாலேயே, அதன் தோளில் கை போட்ட மாதிரி நடந்து வந்தாள். 'ஒரு வழி வுடு' வந்தது. கையைத் தூக்கிவிட்டாள். கிட்டார் மட்டும் மெலிசாக இழுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் காலால் மிதிக்கிற பெரிய டிரம்மில் ஒரே ஒரு அடி. பாட்டு திறந்துகொண்டது.

வாசித்து முடித்ததும் யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. சுதாகர்தான் கடைசியில் வெளியே வந்தான். "அண்ணே, இப்ப கேட்டீங்கல்ல. அதே மாரி நீங்க ஒருவாட்டி வாசிச்சிடுங்க."

அவனுடைய நல்ல மனசு அது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நொடி எழுந்தும்விட்டேன். பிறகு சொன்னேன், "அதே மாரி வாசிக்கிறதுக்கு அதையே வச்சிக்கலாம்டா. நேரமாவுது, நீ போய்ப் பாடு."

அந்த வாக்கியத்தைச் சொன்னதற்காக என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் அதைச் சொல்லும்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தேன். பொறாமையே வராமல் இருக்க என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். பொறாமை சொல்லுகிற யோசனை எல்லாம் தப்பாக இருக்கும். ஆனால் அது கை காட்டுகிற இடம் தப்பாது. எங்கே எரிகிறதோ அங்கே உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அன்றைக்கு என் வயிறு எரிந்திருக்காவிட்டால் அந்தக் காலைப் பார்த்தும் பார்க்காமல் போயிருப்பேன்.

சுதாகர் ஓமனுக்குப் போன பிறகு பாட்டு வெளியானது. பாட்டுக்குக் கீழே 'டிரம்ஸ்: ரேவதி' என்று தெளிவாகவே போட்டிருந்தோம். அதை யார் படிக்கிறார்கள்? பாட்டு கம்பெனி பஸ்களில் ஓடியது, ஷேர் ஆட்டோக்களில் ஓடியது, அத்திப்பட்டில் கல்யாண ஊர்வலத்தில்கூட ஓடியது. பாடினவன் ஊரில் இல்லை. அதனால் பாராட்ட வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். இத்தனை வருஷமாக யாரும் வராத ஆளிடம்.

"இன்னாண்ணா, அந்த எடத்துல கைய வுட்டுட்டு நிக்கறீங்களே, புல்லரிக்குதுண்ணா."

"நான் இல்லப்பா. ரேவதின்னு ஒரு பொண்ணு வாசிச்சது."

அவர்கள் சிரிப்பார்கள். "பெரிய ஆளுங்கல்லாம் இப்படித்தான், தன்னச் சொல்லிக்க மாட்டாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். நான் திரும்பவும் சொல்வேன். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். அவளுடைய அடிக்கு எனக்குப் பாராட்டு வந்தது. அது என்னுடையது இல்லை என்று சொன்னதற்கு அடக்கமானவன் என்று இன்னொரு பாராட்டு வந்தது. இரண்டாவதுதான் அதிகம் எரிந்தது. வீட்டில் என் மனைவி, "இதுக்கு ஏன் இப்படி பேஜாராவறீங்க? அந்தப் பொண்ணு பேரச் சொல்லிட்டு வுட்டுடுங்க" என்றாள். "சொல்லிகினேதான கீறேன், எவன் கேக்குறான்?" என்றேன்.

சுதாகர் திரும்பி வந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு கம்பெனி வாசலில் எங்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள். 'முகத்துவாரம்' இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். அதற்காகக் கொட்டகையில் ரேவதியின் பதிவைப் போட்டுப் போட்டுப் பழகினேன். நான் வாசிக்க மறுத்த ஒன்றை இப்போது ஒட்டுக்கேட்கிறவன் மாதிரி கற்றுக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று எண்ணி மனதில் வைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சிக்கு ரேவதியும் வந்திருந்தாள், சுதாகர் கூப்பிட்டிருந்தான். அந்த இடம் வந்தது, கையைத் தூக்கினேன், எண்ணினேன், சரியாகக் காலை வைத்தேன். கூட்டம் கத்தியது. இறங்கி வந்து அவளிடம் கேட்டேன், "எப்படி?"

"நல்லா இருந்துச்சுண்ணா."

"மூஞ்சி அப்படிச் சொல்லலியே."

அவள் தயங்கினாள். "நீங்க எண்றீங்கண்ணா. வெளியத் தெரியுது."

"நீ எண்ண மாட்டியா?"

"மாட்டேன். அவரு அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பாருல்ல, அதக் கேட்டுட்டுதான் கால வெப்பேன். ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு மாதிரி இழுப்பாரு."

பேண்டு ஆரம்பித்த நாளிலிருந்து சுதாகரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். அவன் மூச்சு இழுப்பதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் மேல் வந்த பொறாமை போல என் ஆயுளில் யார் மேலும் வந்ததில்லை.

அடுத்த பயிற்சியிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை, என் சத்தமே எனக்குப் பெரிதாக இருந்தது. சத்தத்தைக் குறைத்தேன். மெல்ல மெல்லக் கேட்டது. சளி பிடித்த நாளில் ஒரு மாதிரி, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் வேறு மாதிரி. சில நாள் அவன் மூச்சோடு சரியாகப் போய் இறங்கினேன். சில நாள் தவறவிட்டேன். அதற்கப்புறம் நாங்கள் பதிவு செய்த பாட்டுகளில் டிரம்ஸ் குறைவாக இருக்கும். வயசாகிவிட்டது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். இருக்கட்டும்.

மில்லில் சுத்தியல் பிடித்த தோள் கடைசியில் ஒத்துழைக்கவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நிலை வந்ததும் விலகுகிறேன் என்று சொன்னேன். எனக்குப் பதிலாக யார் என்று கேட்டார்கள். கிட்டார்காரன் ஒரு பையனை அழைத்து வந்தான். அவன் என் அடி ஒவ்வொன்றையும் பிசகாமல் வாசித்தான். என்னைப் போலவே தலையைக்கூட ஆட்டினான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே, வயிறு எரியவே இல்லையே என்பதுதான் எனக்கு உறுத்தியது.

"ரேவதியக் கேளுங்க" என்றேன்.

சுதாகர் என்னைப் பார்த்தான். "நெஜமாவா சொல்றீங்க? இந்தப் பையன் அப்படியே உங்கள மாதிரியே வாசிக்கிறான்."

"அதனாலதான். இவன் வந்தா நான் போனதே தெரியாது. பாட்டும் இதே எடத்துல நின்னுடும்."

ரேவதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பழைய பாட்டுகளையும் தன் விருப்பப்படிதான் வாசிப்பேன் என்றாள். "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுண்ணா" என்றும் சேர்த்துக்கொண்டாள். "எடுத்துக்குவேன். நீ வாசி" என்றேன்.

அவள் சேர்ந்த பிறகு முதல் நிகழ்ச்சி திருவள்ளூரில், ஒரு மைதானத்தில், சாயங்காலம். மேடைப் பக்கம் வரச் சொன்னார்கள். நான் போகவில்லை, கூட்டத்தோடு நின்றேன். 'டெம்பரவரி'யை அவள் பாதி வேகத்துக்கு இறக்கியிருந்தாள். அந்த நரைத்த தலைக்காரர் என் வாசிப்பில் கோபமாக இருந்தார், அவளுடையதில் களைத்துப்போயிருந்தார். அதுதான் சரி. நான் வாசித்த வருஷமெல்லாம் அது தப்பாக இருந்திருக்கிறது.

பக்கத்தில் நின்றிருந்தவர், அம்பது வயசு இருக்கும், திருப்பாச்சூரிலிருந்து வந்ததாகச் சொன்னார். உதட்டைப் பிதுக்கினார். "முன்னாடி ஒரு ஆளு வாசிப்பாருங்க. அவரு அடிச்சா நெஞ்சுல வந்து விழும். இந்தப் பொண்ணு பரவால்ல, ஆனா அந்த ஆளு மாதிரி வராது."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். அந்த மைதானத்தில் என்னைவிட நன்றாக அது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. குடித்துக்கொண்டே, "நீங்க அந்த பேண்டுக்கு வேண்டியவருங்களா?" என்றார்.

"இல்லங்க. பாட்டு கேக்க வந்தேன்" என்றேன்.

பொய் இல்லை. இத்தனை வருஷமும் அந்தப் பாட்டுகளை நான் பின்னாலிருந்துதான் கேட்டிருந்தேன், சிம்பல் சத்தத்துக்கு நடுவில், முதுகுகளைப் பார்த்துக்கொண்டு. முன்னால் நின்று முழுசாகக் கேட்பது அதுதான் முதல்முறை. கிளாஸை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் திரும்பிப் போனேன். அவள் அடுத்த பாட்டை ஆரம்பித்திருந்தாள். நன்றாக இருந்தது. வயிறு எரிய எரிய, கடைசிப் பாட்டு வரைக்கும் நின்று கேட்டேன்.